கரையைக் காக்கும் கற்கூடை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் உங்கள் முன் வாசிக்கப்பட்டன. அந்தக் கணக்கில் ‘மையவாடிச் சுவர் - சேதம்’ என்று ஒரு வரி இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். வாசிக்க ஒரு விநாடி போதும். ஆனால் அதற்குப் பின்னே உங்களுடைய பணமும், நம்முடைய அவசரமும், மண்ணுக்குள் உறங்கும் நம் முன்னோரின் கண்ணியமும் இருக்கின்றன. ஆகவே இன்று வழக்கமான உபதேசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஒரு வரியைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

நமது மையவாடியின் ஓர் எல்லை உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கரை சிறிது சிறிதாகக் கரைந்து வந்தது. அதைத் தடுக்க வேண்டும் என்று 2023 ரமளானில் இதே பள்ளியின் மிம்பரில் நின்று நாமே வேண்டினோம். நீங்கள் வாரி வழங்கினீர்கள். பெருநாள் முடிந்த கையோடு 40 மீட்டர் நீளத்துக்குச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு சுவர் எழுப்பப்பட்டது. வெள்ளையடித்த சுவரைப் பார்த்து மனம் நிறைந்தோம். அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் அச்சுவரின் பாதி வாய்க்காலுக்குள் விழுந்தது. சுவரோடு கரை மண்ணும் போயிற்று. இன்று கடைசி வரிசைக் கப்ருகளுக்கும் கரை விளிம்புக்கும் இடையே மூன்று எட்டுத் தூரமே மிஞ்சியிருக்கிறது.

சுவர் விழுந்த அன்று மாலை ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், என் தாயாருடைய கப்ரு அந்தக் கடைசி வரிசையில்தானே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நம்மாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தக்க காரணமின்றிக் கப்ரைத் தோண்டி இடம் மாற்றுவதை மார்க்கம் விரும்பவில்லை. அந்த நிலை வராமல் கரையைக் காப்பதே உயிரோடிருக்கும் நமது கடமை. அதை எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

சுவர் ஏன் விழுந்தது?

வெள்ளத்தின் வேகம்தான் சுவரைத் தள்ளிவிட்டது என்று நாம் எண்ணியிருந்தோம். பெல் நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நமது ஜமாஅத் சகோதரர் ஒருவர், கட்டுமானம் படித்த தம் மகனையும் அழைத்துக்கொண்டு வந்து இடத்தைப் பார்த்தார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “சுவர் விழுந்தபோது வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு இருந்தது?” என்பது. நினைத்துப் பார்த்தோம். தண்ணீர் கரைபுரண்டு ஓடிய மூன்று நாள்களும் சுவர் நின்றது. மழை மிகுந்ததால் வாய்க்காலில் தண்ணீர் குறைக்கப்பட்டு, மட்டம் இறங்கிய மறுநாள்தான் விழுந்தது. அதுவும் மையவாடிப் பக்கம் சாயவில்லை. வாய்க்கால் பக்கம் சாய்ந்தது.

அவர்கள் விளக்கியது இது. வாய்க்கால் நிறைந்து ஓடும்போது கரை மண்ணும் நீரைக் குடித்து ஊறிப் போகிறது. அப்போது சுவரின் இரு புறமும் நீர் இருப்பதால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கிறது. வாய்க்கால் நீர் விரைவாக வடிந்ததும், முன்பக்கத் தாங்கல் நீங்கிவிடுகிறது. மண்ணுக்குள் ஊறிய நீரோ அவ்வளவு விரைவில் வெளியேறுவதில்லை. நமது சுவரில் அது வெளியேற ஒரு துளைகூட விடப்படவில்லை. ஈர மண்ணின் பாரமும் உள்ளே அடைபட்ட நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரை முன்னே தள்ளின. ஏற்கெனவே நீரோட்டம் சுவரின் அடிமண்ணை அரித்து வைத்திருந்தது. அடியில் பிடிப்பு இல்லாத சுவர் ஒரே துண்டாகச் சாய்ந்தது.

அல்லாஹ் தந்த அறிவைப் பயன்படுத்தி அறிந்தவர்களிடம் முன்னரே கேட்டிருந்தால் இந்த நஷ்டம் வந்திராது. அவசரப்பட்டதில் முதற்குற்றம் நம்முடையது. அதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

நமது ஆறுகள் காட்டும் பாடம்

இது நமது சின்னஞ்சிறு சுவருக்கு மட்டும் நேர்ந்தது அன்று. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியபோது, திருவானைக்காவலுக்கும் நம்பர் 1 டோல்கேட்டுக்கும் இடையே 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் 9 உடைந்து போயின. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் இரவு பகலாகக் கொட்டித்தான் உடைப்பைத் தற்காலிகமாக அடைத்தார்கள். பின்னர் அங்குப் புதிய கதவணை கட்டப்பட்டது. 2024 ஆகஸ்டு வெள்ளத்திலோ, கொள்ளிடம் புதிய பாலத்தின் தூண்களைக் காக்க ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த தடுப்புச் சுவரின் ஒரு பகுதி இடிந்தது. உயர் மின்அழுத்தக் கோபுரம் ஒன்றும் ஆற்றில் சாய்ந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. அவற்றை ஆராய்ந்து சொல்வது பொறியாளர்களின் வேலை. ஆயினும் மணற்படுகையில் நிற்கும் எதற்கும் ஆபத்து அடியிலிருந்து வருகிறது என்பதை ஆற்றங்கரை மக்களாகிய நாம் கண்ணால் கண்டுவிட்டோம். மேலே எத்தனை உறுதியாகக் கட்டினாலும் காலடி மணல் போய்விட்டால் நிற்காது.

நமது ஊருக்கு அருகிலேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கரிகாற் சோழன் பெயரோடு ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக வழங்கிவரும் கல்லணை, சுமார் 329 மீட்டர் நீளமுடையது. ஆற்று மணலில் பெரும் பாறைகளை இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைகொள்ளுமாறு விட்டு, அவற்றின்மேல் மேலும் பாறைகளை இட்டுக் களிமண்ணால் பிணைத்தார்கள் என்பர். 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டிய ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்நாட்டின் பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்தே கற்றதாகப் பிற்காலத்தில் எழுதினார். மணல் இறங்கினால் கல்லும் உடன் இறங்கி அமர வேண்டும் என்பதே அந்த வித்தை.

கற்கூடை என்பது என்ன?

அந்தப் பழைய அறிவு இன்று புதிய வடிவில் கிடைக்கிறது. கம்பி வலையால் பெட்டிபோல் பின்னி, அதற்குள் கருங்கல்லை அடுக்கி, மூடி போட்டுக் கட்டிக் கரையில் வைக்கிறார்கள். பொறியாளர்கள் இதனைக் ‘கேபியன்’ என்பர். இத்தாலிய மொழியில் ‘பெரிய கூண்டு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மலைப் பாதைகளில் சரிவு ஏற்படும் இடங்களில் கம்பிக்குள் கல் அடுக்கிய சுவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவே இது.

இதன் வரலாறு நீண்டது. சீனாவின் சிச்சுவான் பகுதியில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லீ பிங் என்னும் ஆளுநர் மின் ஆற்றின் நீரைப் பகிர்ந்தபோது, மூங்கிற் கூடைகளில் கல்லை நிரப்பி ஆற்றில் இறக்கினார். அந்தப் பாசன அமைப்பு இன்றும் பயனில் உள்ளது. ஐரோப்பாவில் போர்க்களங்களில் பீரங்கிக் குண்டுகளைத் தடுக்க மிலாறுக் கூடைகளில் மண்ணை நிரப்பி அடுக்கினார்கள். 1893-இல் இத்தாலியின் பொலோனியா நகருக்கு அருகே காசலேக்கியோ என்னுமிடத்தில் ரேனோ ஆற்றின் அணையை வெள்ளம் சிதைத்தபோது, கம்பி வலைப் பைகளில் கல்லை நிரப்பிச் சீர் செய்தார்கள். அதிலிருந்தே இன்றைய கம்பிக் கூடைகள் வளர்ந்தன. நமது நாட்டில் இவற்றுக்கென ஐ.எஸ். 16014 என்ற தர வரையறை 2012-இல் வெளியிடப்பட்டது.

இதில் என்ன சிறப்பு? முதலாவது, கற்களுக்கு இடையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. கரையில் ஊறிய நீர் அவ்விடைவெளி வழியே தடையின்றி வடிந்துவிடும். நமது சுவரை வீழ்த்திய அழுத்தம் இங்கே சேர்வதே இல்லை. இரண்டாவது, அடிமண் சிறிது அரிக்கப்பட்டாலும் கூடை வளைந்து கொடுத்து அந்தப் பள்ளத்தில் இறங்கி அமர்கிறது. சுவர் விரிசல் விடும் இடத்தில் கூடை வளைகிறது. மூன்றாவது, தனித்தனியாகக் கொட்டிய சிறு கற்களை வெள்ளம் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய்விடும். அதே கற்கள் கூடைக்குள் கட்டுண்டால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.7 டன் எடையுள்ள ஒரே பாறையாக நிற்கும்.

மணல் மூட்டை போதாதா என்று சில சகோதரர்கள் கேட்டார்கள். அவசரத்துக்கு அது நல்லது. ஆனால் பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் நைந்து கிழிந்துவிடும். துளைகள் விட்டு, ஆழமாக அடித்தளமிட்டு, முறையாக வடிவமைத்த கான்கிரீட் சுவரும் நிற்கத்தான் செய்யும். ஆனால் நமது கரையின் இளகிய மண்ணுக்கு, இறங்கி அமரக்கூடிய கூடையே பொருத்தம் என்பது வந்து பார்த்தவர்களின் கருத்து.

எங்கே தவறக்கூடும்?

சுவரை நம்பி ஏமாந்தது போல் கூடையையும் கண்மூடி நம்பிவிடலாகாது. இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து குறித்துக்கொண்டோம்.

கம்பி முதலில். சந்தையில் கோழிக்கூண்டுக்கு விற்கும் வலையை வாங்கிவரக் கூடாது. சுமார் 2.7 மி.மீ. தடித்த, கனத்த துத்தநாகப் பூச்சுள்ள கம்பியை இரட்டை முறுக்காக முறுக்கி, அறுகோணக் கண்களாகப் பின்னிய வலை வேண்டும். இரட்டை முறுக்கின் நன்மை என்னவெனில், ஓரிடத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் பின்னல் தொடர்ந்து பிரிந்துகொண்டே போகாது. நமது வாய்க்கால் திருச்சி மாநகரைக் கடந்து வருகிறது. வழியில் சாக்கடை நீரும் கலக்கிறது. அத்தகைய நீரில் வெறும் துத்தநாகப் பூச்சு விரைவில் கரையும். ஆதலால் கம்பியின்மேல் பி.வி.சி. உறையும் அவசியம்.

அடுத்து, கல். உடைத்தால் பொடியாகும் சுக்கான் கல்லோ, வெடிப்புள்ள கல்லோ உதவாது. கெட்டியான கருங்கல் வேண்டும். வலைக் கண்ணைவிடச் சிறிய கல் வெளியே நழுவிவிடும். மிகப் பெரிய கல்லோ இடைவெளியைச் சமமாக நிரப்பாது. 15 முதல் 25 செ.மீ. வரையுள்ள கல் தகும். லாரியிலிருந்து கொட்டி மூடிவிடக் கூடாது. முகப்புப் பக்கத்துக் கற்களைக் கையால் அடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு உயரம் நிரம்பியதும் முன்வலையையும் பின்வலையையும் இழுகம்பியால் பிணைத்துவிட்டு மேலே அடுக்க வேண்டும். இல்லையேல் கூடை வயிறு புடைத்துவிடும்.

கூடைக்குப் பின்னே மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிகட்டி இருத்தல் வேண்டும். இதற்கென உள்ள துணிபோன்ற விரிப்பை இடுவார்கள். அல்லது சரளையையும் மணலையும் முறைப்படி அடுக்குவார்கள். இதை விட்டுவிட்டால் கல்லிடுக்குகளின் வழியே கரை மண் மெல்ல மெல்லக் கழுவப்பட்டு, கூடை நிற்கும்போதே பின்னால் குழி விழும். கூடை வேலைகள் பலவற்றில் செலவு குறைக்க முதலில் விடப்படுவது இதுதான் என்று எச்சரித்தார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலடி. கீழ்வரிசைக் கூடை வாய்க்கால் தரைக்கு அடியில் புதைந்திருக்க வேண்டும். அதன் முன்னே மெல்லிய பாய்போன்ற கூடை ஒன்றைத் தரையில் விரித்தால், அரிப்பு வரும்போது அது பள்ளத்தின்மேல் படிந்து காக்கும். சுவரின் இரு முனைகளையும் கரைக்குள் நுழைத்து முடிக்க வேண்டும். இல்லாவிடில் நீர் முனையைச் சுற்றிக்கொண்டு பின்னே புகும்.

ஓர் அளவுக்காகச் சொல்கிறோம். ஒவ்வொன்றும் 1 மீட்டர் உயரமாக மூன்று வரிசைகள் வைத்து, அகலத்தைக் கீழே 2 மீட்டர், நடுவில் ஒன்றரை, மேலே 1 மீட்டர் என்று கொண்டால், 40 மீட்டர் நீளத்துக்கு 180 கன மீட்டர் கூடை ஆகிறது. கல்லின் எடை 300 டன்னைத் தாண்டும். இது வேலையின் பருமனை நீங்கள் உணர்வதற்கான கணக்கு மட்டுமே. இறுதி அளவை மண்ணைச் சோதித்த பொறியாளர் முடிவு செய்ய வேண்டும்.

எதிர்க்கரையின் உரிமை

சகோதரர்களே! இன்னொன்றையும் நாம் எண்ண வேண்டியுள்ளது. உய்யக்கொண்டான் வாய்க்கால் நமது சொத்து அன்று. சோழர் காலத்தில் வெட்டப்பட்டு, பேட்டைவாய்த்தலை அருகே காவிரியில் பிரிந்து, நகரைக் கடந்து, நமது ஊர் வழியாக வாழவந்தான்கோட்டை ஏரி வரை செல்லும் பொதுச் சொத்து அது. அதன் கரை அரசின் பொறுப்பில் உள்ளது. சென்ற முறை சுவர் கட்டும்போது, நமது இடத்தில்தானே கட்டுகிறோம் என்று எண்ணினோம். அளந்து பார்த்ததில் சுவரின் ஒரு பகுதி வாய்க்காலுக்குள் நீண்டிருந்தது. நாம் எட்டு அங்குலம் முன்னே போனால், நீர் அந்த எட்டு அங்குலத்தை எதிர்க்கரையில் தேடிக்கொள்ளும். எதிர்க்கரையில் ஒரு விவசாயியின் வயல் இருக்கிறது. நம் முன்னோரின் கப்ரைக் காக்கப் போய் அவருடைய வரப்பைக் கரைக்க நமக்கு உரிமை இல்லை. நாமும் பாதிக்கப்படக் கூடாது. பிறரையும் பாதிக்கக் கூடாது என்பது நமது மார்க்கம் கற்பித்த நெறி.

ஆகவே இம்முறை நீர்வளத்துறையிடம் வரைபடத்தோடு விண்ணப்பித்து, எழுத்துமூலம் அனுமதி பெற்ற பின்னரே ஒரு கூடை இறங்கும். கரையை உள்ளே சரித்து வெட்டி, வாய்க்காலின் அகலம் குறையாமல் வைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் வேண்டிக்கொண்டுள்ளோம். எதிர்க்கரைக்காரரையும் நேரில் சென்று பார்த்தோம். “உங்க பக்கம் நின்னா எங்க பக்கமும் நிக்கணும் பாய்” என்றார். நியாயமான சொல். அவர் பக்கத்திலும் அரிப்பு இருக்கிறதா என்று பொறியாளர் பார்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டோம்.

நாம் வேண்டுவது

மையவாடி வக்ஃபு நிலம். அதற்கென வந்த பணம் அமானத். ஒருமுறை அந்த அமானத்தை அறியாமையால் நீரில் விட்டோம். இரண்டாம் முறை அறியாமை என்று சொல்லித் தப்ப முடியாது. எனவே இந்தச் சபையிடம் சிலவற்றைக் கேட்கிறோம்.

ஒன்று, பொறுமை. மேட்டூர் அணை மூடப்பட்டு வாய்க்கால் வறண்டு கிடக்கும் மாதங்களில்தான் இந்த வேலை செய்ய முடியும். அனுமதி தாமதமானால் இந்தக் கோடையைத் தவறவிட நேரிடலாம். அப்படியானால் கடைசி வரிசைக்கு முன்னே மணல் மூட்டைகளை அடுக்கி மழையைக் கடத்துவோம். அனுமதியின்றித் தொடங்க மாட்டோம். மழைநீர் மையவாடியிலிருந்து கரை விளிம்பு வழியே வழியாதபடி உட்புறம் ஒரு சிறு வடிகாலை இந்த மாதமே வெட்டிவிடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இரண்டு, உழைப்பு. கூடைகளை நிரப்பும் நாள்களில் நமது இளைஞர்கள் முறைவைத்து அங்கே நிற்க வேண்டும். கல்லின் அளவு சரியா, இழுகம்பி கட்டப்பட்டதா, வடிகட்டி விரிப்பு கிழியாமல் இடப்பட்டதா என்று பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். மூடிய கூடைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு யாராலும் பார்க்க இயலாது. வேலை முடிந்த பின்னும் ஆண்டுக்கொருமுறை, நீர் வடிந்ததும், கம்பி அறுந்த இடங்களைப் பார்த்துக் கட்ட வேண்டும். மேல்விளிம்பில் வெட்டிவேர் நட்டால் மண் பிடிப்பு மிகும்.

மூன்று, பொருள். இம்முறை மிம்பரிலிருந்து தொகை எதையும் கேட்கப் போவதில்லை. பொறியாளரின் வரைபடமும் மதிப்பீடும் அனுமதிக் கடிதமும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அவற்றைப் படித்துப் பார்த்து, மனம் ஒப்பியவர்கள் கொடுத்தால் போதும். சந்தேகம் உள்ளவர்கள் கேட்கட்டும். கேள்வி கேட்பவரைக் குறை சொல்பவராக யாரும் கருத வேண்டாம். சென்ற முறை ஒரு பெரியவர், “தண்ணி போக வழி வெச்சீங்களா?” என்று கேட்டார். அவருடைய கேள்வியை நாம் புன்னகையோடு கடந்து போனோம். அவர் இன்று நம்மிடையே இல்லை. அந்தக் கடைசி வரிசையில்தான் அடங்கியிருக்கிறார்.

அவருக்கும், அங்கே உறங்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் மறுமையின் நற்பேற்றை வழங்குவானாக! அவர்களின் இருப்பிடத்தைக் காக்கும் பணியில் நமக்கு அறிவையும் பொறுமையையும் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.